கட்டி சிறிது, முடிவு பெரிது

கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்றதும் கத்திதான் வழி என்ற காலம் போய்விட்டது. ஆனால் கம்பெனி ஆஸ்பத்திரியை இழந்த கோலார் தங்கவயலில், முடிவெடுக்கும் சுமை பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது.

விடியும் முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் ரயில்கள்தான் இன்று தங்கவயலுக்குச் சோறு போடுகின்றன. நந்திதுர்க் லைன் வீடுகளிலிருந்து ஆண்களோடு பெண்களும் இந்த ரயில்களைப் பிடிக்கிறார்கள். கார்மென்ட்ஸ் தொழிற்சாலை, வீட்டு வேலை, கடை, துப்புரவு என்று பிழைப்பு பலவிதம். சுமார் 100 கிலோமீட்டர் போய், நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் திரும்ப வேண்டும். மாதத்தில் எட்டுப் பத்து நாள் உதிரம் கொட்டும் உடம்போடு இந்தப் பயணம் எத்தனை மாதத்துக்குத் தாங்கும்?

பெரும்பாலான பெண்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிறார்கள். மூச்சு வாங்கத் தொடங்கி, படி ஏற முடியாமல் போன பிறகே ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அறிக்கையில் நார்க்கட்டி இருப்பது தெரிகிறது. டாக்டர்கள் ஃபைப்ராய்டு என்று அழைக்கும் கட்டி இது. அடுத்து பல இடங்களில் காதில் விழும் வாக்கியம் ஒன்றே: "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்."

எடுக்கத்தான் வேண்டுமா? சிலருக்கு வேண்டும். பலருக்கு வேண்டியதில்லை. எவருக்கும் அநேகமாக நாளைக்கே வேண்டியதில்லை. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல நேரமும் பொறுமையும் உள்ள ஒரு டாக்டர் தேவை. தங்கவயலின் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கம்பெனி போனது, ஆஸ்பத்திரியும் போனது

வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது தங்கவயல். மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் என்று கடைசிவரை இயங்கிய சுரங்கங்கள் அரசுத் துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்தன. வீடு, தண்ணீர், மின்சாரம், வைத்தியம் எல்லாமே கம்பெனி கணக்கு. கம்பெனி ஆஸ்பத்திரியில் தொழிலாளி மட்டுமல்ல, அவர் மனைவியும் மகளும் சிகிச்சை பெற்றார்கள். பிரசவம் பார்த்த அதே இடத்தில் பின்னாளில் வரும் பெண் நோய்களுக்கும் வழி இருந்தது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆஸ்பத்திரியின் காலமும் அதோடு முடிந்தது. லைன் வீடுகளும் சைனைடு மேடுகளும் மிஞ்சின.

இப்போது போக இடமில்லை என்று சொல்ல முடியாது. ராபர்ட்சன்பேட்டையில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. தனியார் நர்சிங் ஹோம்கள் இருக்கின்றன. கோலாரை அடுத்த டமகாவில் ஸ்ரீ தேவராஜ் அரஸ் மருத்துவக் கல்லூரி, ஆந்திர எல்லை தாண்டினால் குப்பத்தில் இன்னொரு மருத்துவக் கல்லூரி, கிழக்கே வேலூர் சி.எம்.சி., மேற்கே பெங்களூரின் வாணி விலாஸ், பவுரிங், செயின்ட் ஜான்ஸ். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நாள் கூலி போகும். ஒவ்வோர் இடத்திலும் புது டாக்டர், புது ஸ்கேன், புதுக் கதை. ஒரே பெண்ணை ஆண்டுக்கணக்கில் பார்த்து, "போன வருஷத்தைவிடக் கட்டி வளரவில்லை, பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லக்கூடிய டாக்டர் அரிதாகிவிட்டார். பொறுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு அப்படிப்பட்டவர்தான் முதல் தேவை.

அண்டை வீட்டு எச்சரிக்கை

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தங்கவயலுக்கு மிக அருகிலேயே உதாரணம் இருக்கிறது. 2015-16-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 3.2 சதவீதத்தினர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். ஆந்திரத்தில் அந்த விகிதம் 8.9 சதவீதம். இந்த அறுவை செய்துகொண்ட பெண்களின் நடு வயது வெறும் 34. இயற்கையாக மாதவிலக்கு நிற்பதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருக்கும்போதே பாதிப் பேர் கர்ப்பப்பையை இழந்திருக்கிறார்கள். அதிக உதிரப்போக்கே அவர்கள் சொன்ன முதல் காரணம். கட்டிகள் அதற்கு அடுத்த இடத்தில்.

கர்நாடகத்திலும் கதை வேறல்ல. கலபுரகி மாவட்டத்தில் லம்பாணி, தலித் பெண்கள் பலருக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக 2015-இல் பெரும் புகார் எழுந்தது. அவர்களில் பலர் 40 வயதுக்கும் குறைந்தவர்கள். வயிற்று வலி என்று போனவர்களைப் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தியே மேசையில் படுக்க வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே 2019-இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில், 82,309 பேரில் 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். மாதவிலக்கு நாட்களில் வேலைக்குப் போகாவிட்டால் கூலி பிடிப்பு. கர்ப்பப்பையே இல்லாவிட்டால் விடுப்பும் இல்லை, பிடிப்பும் இல்லை என்ற கொடூரமான கணக்கு அது.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகளை எதிர்த்து டாக்டர் நரேந்திர குப்தா 2013-இல் உச்ச நீதிமன்றம் போனார். பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 5-இல் தீர்ப்பு வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று மட்டத்திலும் இந்த அறுவைகளைக் கண்காணிக்கக் குழுக்கள் வேண்டும் என்பது அந்த நெறிகளின் சாரம்.

இத்தனை பெண்கள் எளிதில் தலையாட்டியதற்கு ஏமாற்று மட்டுமே காரணமல்ல. தென்னிந்தியாவில் இருபத்தைந்து வயதையொட்டியே குடும்பக் கட்டுப்பாடு அறுவை முடிந்துவிடுவது சகஜம். "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு?" என்ற எண்ணம் மாமியாரிடமும் கணவரிடமும் மட்டுமல்ல, அந்தப் பெண்ணிடமும் ஊறியிருக்கிறது.

கட்டி என்றால் புற்று அல்ல

நார்க்கட்டி என்பது கர்ப்பப்பையின் தசையிலேயே முளைக்கும் கட்டி. பட்டாணி அளவிலும் இருக்கலாம், தர்பூசணி அளவுக்கும் வளரலாம். ஒன்றாகவும் இருக்கும், கூட்டமாகவும் இருக்கும். ஐம்பது வயதை எட்டும்போது பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். அவ்வளவுதான்.

பெண்களை அதிகம் அச்சுறுத்துவது புற்றுநோய். நார்க்கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. கட்டி என்று கருதி அறுவை செய்யப்படும் பெண்களில்கூட, சில நூறு பேரில் ஒருவருக்கே அது மறைந்திருந்த தசைப் புற்று என்று தெரியவருகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ மீண்டும் ரத்தம் கண்டாலோ அலட்சியம் கூடாது. நாற்பதைத் தாண்டியவருக்கு முறை தவறி ரத்தம் போனால், கர்ப்பப்பையின் உட்சவ்வைச் சிறிது எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். அறுவைக்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். உள் அறைக்குள் துருத்தி நிற்கும் சிறு கட்டி ஆளையே சாய்க்கும் அளவுக்கு ரத்தத்தை இழக்க வைக்கும். வெளிப்புறம் தொங்கும் பெரிய கட்டி பேசாமல் கிடக்கும். மூன்று மாதக் கர்ப்ப அளவை எட்டிவிட்டாலே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. இன்று அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கட்டிக்குத் தீனி பெண் ஹார்மோன்கள். மாதவிலக்கு நின்றதும் தீனி குறைந்து கட்டி சுருங்கும். 47 வயதுப் பெண்ணுக்கு இரண்டு மூன்று ஆண்டு சமாளித்தாலே போதும் என்ற நிலை இருக்கலாம். 32 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கத்திக்கு முன்னும் கத்திக்கு மாற்றும்

முதல் வேலை ரத்தத்தைத் திரும்ப ஏற்றுவது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்த சோகை என்கிறது 2019-21 குடும்ப நல ஆய்வு. அதன் மேல் கட்டியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையோ ஊசியோ சில வாரங்களில் தெம்பைத் தரும். உதிரப்போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை ரத்த இழப்பைக் குறைக்கும். விலையும் அதிகமில்லை.

கட்டி சிறியதாக இருந்து உள் அறையின் வடிவத்தைக் கெடுக்காவிட்டால், ஹார்மோன் பூசிய கருத்தடைச் சாதனத்தை உள்ளே வைக்கலாம். கர்ப்பம் தடுக்கப் பிறந்த இந்தச் சாதனம், ஐந்தாண்டு அல்லது அதற்கும் மேல் உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கிறது. பெரிய கட்டி இருந்தால் இது நழுவி வெளியே வந்துவிடக்கூடும். ஹார்மோனை அடக்கும் ஊசிகள் கட்டியைச் சுருக்கும். ஆனால் எலும்பைப் பலவீனப்படுத்துவதால் சில மாதங்களுக்கு மேல் தனியாகப் போடுவதில்லை. அறுவைக்கு முந்தைய ஆயத்தமாகவே பெரும்பாலும் பயன்படுகின்றன.

கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. இங்கிலாந்தின் விக்டர் பானி சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதற்காக வாதாடியவர். ஒரே கர்ப்பப்பையிலிருந்து 225 கட்டிகளை அவர் எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. உள் அறைக் கட்டிகளை வயிற்றைக் கிழிக்காமலே, கருவிக் குழாயைக் கீழ் வழியாக விட்டு எடுக்க முடியும். குறை ஒன்று உண்டு. கட்டிகள் மீண்டும் முளைக்கலாம்.

1995-இல் பாரீஸ் டாக்டர் ழாக் ரவினாவின் குழு வேறொரு வழியை உலகுக்குச் சொன்னது. தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை நுண்துகள்களால் அடைக்கும் முறை அது. பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். பிரிட்டனில் 254 பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. இரண்டிலுமே பெண்கள் தேறினார்கள். கட்டியை எடுத்தவர்களின் நிலை இரண்டாண்டு முடிவில் சற்று மேலாக இருந்தது.

கர்ப்பப்பையை எடுப்பதற்கும் நியாயம் உண்டு. மருந்தால் அடங்காத உதிரப்போக்கு, சிறுநீர்ப்பையையோ சிறுநீரகக் குழாயையோ அழுத்தும் கட்டி, வாழ்க்கையையே முடக்கும் வலி ஆகியவை இருந்து, இனிப் பிள்ளை வேண்டாம் என்ற தெளிவும் இருந்தால் இதுவே முழு விடுதலை. உதிரமும் இல்லை, கட்டி திரும்பி வரும் பயமும் இல்லை. சோகையோடு பத்தாண்டு போராடிய பெண்ணிடம் "எடுக்காதே" என்று உபதேசிப்பதும் ஒருவகை அநியாயமே.

ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தால் சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. தினக்கூலிக்கு அது ஆறு வாரப் பட்டினி. "கூடவே அதையும் எடுத்துவிடலாம்" என்று சினைப்பைகளையும் அகற்றினால், மாதவிலக்கு நிற்கும் காலம் மறுநாளே வந்துவிடும். எலும்பும் இதயமும் அதன் பலனை அனுபவிக்கும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சிலருக்குச் சற்று முன்னதாகவே ஓய்ந்துபோகலாம்.

கையெழுத்துப் போடும் முன்

எனவே முடிவு ஸ்கேன் அறிக்கையில் இல்லை. ஒரே அளவுக் கட்டியுள்ள இரண்டு பெண்கள் இரண்டு விதமாக முடிவெடுத்து, இருவருமே சரியாக இருக்க முடியும். அதற்குச் சில கேள்விகளை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்:

* கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? என் உதிரப்போக்குக்கு அதுதான் காரணமா, வேறு காரணம் உண்டா?
* ஹீமோகுளோபின் எவ்வளவு? அதை ஏற்றிய பிறகு முடிவெடுக்கலாமா?
* மூன்று மாதம் மருந்தில் பார்த்தால் என்ன கெடுதி?
* கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? இங்கே முடியாவிட்டால் எங்கே முடியும்?
* கர்ப்பப்பையை எடுத்தால் சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா?
* எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டம் 2018-இல் வந்தது. எந்தச் சிகிச்சைக்கு அது பொருந்தும் என்பதை அரசு மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளலாம். காப்பீடு இருக்கிறது என்பது அறுவை செய்துகொள்ளக் காரணம் ஆகாது. காசு இல்லை என்பது தேவையான அறுவையைத் தள்ளிப்போடக் காரணமாகவும் இருக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் நோயாளிக்குச் சேர வேண்டியவை. கேட்டு வாங்கி ஒரு பையில் தேதிவாரியாக வைத்துக்கொண்டால், இரண்டாவது டாக்டரிடம் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தபோது அந்தக் கோப்பைக் கம்பெனி வைத்திருந்தது. இப்போது அதை அந்தப் பெண்தான் வைத்திருக்க வேண்டும்.