பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது?

பிரேக் பிடிக்காமல் வண்டியோடு விழுந்தேன் என்று ஒருவர் சொன்னால், நாம் முதலில் கேட்பது "எவ்வளவு வேகமா போன?" அடுத்தது, "கடைசியா எப்ப சர்வீஸ் விட்ட?" வண்டியிலேயே குறை இருந்திருக்குமோ என்ற சந்தேகம் நமக்கு வருவதே இல்லை. விழுந்தவரும் "நம்ம நேரம்" என்று காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். அதே மாடல் வண்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கு அதே பாகம் அடுத்த வாரம் கைவிடலாம். அவருக்கு எச்சரிக்கை போய்ச் சேர ஒரே வழி, முதலில் விழுந்தவர் அதை எழுத்தில் பதிவு செய்வதுதான்.

பிரேக் எப்படிக் கைவிடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். டிரம் பிரேக்கில் கேபிளோ கம்பியோ இழுக்க, உள்ளே இருக்கும் பிரேக் ஷூ விரிந்து டிரம்மை உரசுகிறது. ஷூ தேயத் தேயப் பிடிப்பு குறையும். பெரும்பாலும் மெல்ல நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் அப்படியல்ல. நீங்கள் லிவரை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் குழாய் வழியாகக் காலிபருக்குக் கொண்டுபோகிறது. அங்கே பேடுகள் டிஸ்க்கைக் கவ்வுகின்றன. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்கினால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தத்தைக் கடத்தாது. லிவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது.

இதுவரை சொன்னது பராமரிப்பு. ஆயிலைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது வண்டிக்காரர் பொறுப்பு. ஆனால் பராமரிப்பு என்று ஆரம்பித்த பேச்சு எங்கே போய் முடியலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் 2008 முதல் 2011 வரையிலான மாடல்களில், ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் முன்னறிவிப்பே இல்லாமல் பிரேக் போனது. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2016 ஜூலையில் விசாரணையைத் தொடங்கியது. அப்போது அதன் கையில் இருந்தவை 43 புகார்கள். மூன்று விபத்துகள், இரண்டு பேருக்குக் காயம். விசாரணை வளையத்துக்குள் வந்த வண்டிகளோ சுமார் 4,30,000. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருந்தோம், பலர் மாற்றவில்லை என்றது நிறுவனம். மாற்றாத ஆயிலால் ஏபிஎஸ் யூனிட்டின் வால்வுகளில் படிவு சேர்ந்து, வால்வு சிக்கிக்கொண்டது. 2018 பிப்ரவரியில் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,75,000 வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஆயிலை இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஆயில் மாற்றத் தவறியது வண்டிக்காரர் குறையாகவே இருக்கட்டும். ஆயில் பழசானால் பிடிப்பு கொஞ்சம் குறையலாம். ஒரு எச்சரிக்கை கூட இல்லாமல் பிரேக் முழுவதும் போவதை எப்படி ஏற்பது? "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்ற பதிலோடு அந்த 43 பேரும் அடங்கிப்போயிருந்தால் விசாரணையே வந்திருக்காது.

இந்தியாவிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஓட்டுபவருக்கோ சாலையில் செல்லும் மற்றவருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருந்தால், அவற்றைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு தயாரிப்பாளருக்கு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். புகார் தர, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் இணையதளத்தில் ரீகால் என்று தனிப் பகுதி உண்டு. அந்த மாடல் எத்தனை விற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்த பிறகுதான் கட்டாயத் திரும்ப அழைப்புக்கான நடவடிக்கை நகரும். நிறுவனம் தானே குறையைக் கண்டு அழைத்துக்கொண்டால் அதற்கு அபராதம் கிடையாது.

எண்ணிக்கையை நிபந்தனையாக வைத்தது சரியல்ல என்பதே என் கருத்து. பிரேக் போன்ற உயிர் காக்கும் பாகத்தில் பத்துப் பேர் ஒரே குறையைச் சொன்னாலே சோதனைக்கு எடுக்க வேண்டும். ஆனால் விதி மாறும்வரை ஒவ்வொரு புகாருக்கும் எடை கூடுதல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புகார் வலுவாக இருக்க, வேலை சர்வீஸ் சென்டரிலேயே தொடங்குகிறது. ஜாப் கார்டில் "பிரேக் செக்" என்று இரண்டே சொல்லில் எழுதிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். "முன் பிரேக் லிவர் கைப்பிடி வரை போனது, வண்டி நிற்கவில்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். நாளை யார் கேட்டாலும் அந்த வரிதான் சாட்சி. எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி, மழையா வெயிலா, இறக்கமா சமதளமா, ஏபிஎஸ் விளக்கு எரிந்ததா என்பதை அன்றைக்கே குறித்துவையுங்கள். பாகத்தை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டியில் மாற்றும்போது பெரும்பாலும் தர மாட்டார்கள், அப்போது போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடை விலையில் வாங்கிய போலி பேடு மாட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்மை கலங்கினால் புகார் நிற்காது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பிறகு வாகன் தளம். பணம் திரும்பப் பெறுவதோ இழப்பீடோ வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறையுள்ள பொருளால் ஏற்பட்ட காயத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திரும்ப அழைக்கும் கடிதமோ குறுஞ்செய்தியோ பழைய உரிமையாளருக்குப் போயிருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ ஷோரூமிலோ கொடுத்து, உங்கள் வண்டிக்கு அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். இருந்தால், அந்த வேலைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.