பிரெஞ்சு ஆர்கானிக் ஒயின் மலிவாகக் கிடைப்பது எப்படி?

பிரான்சின் தெற்கே, லாங்கதோக் பகுதியில் ஒரு சிறு குடும்பத் தோட்டத்துக்கு நேரில் போனால், செயற்கை மருந்து எதுவும் அடிக்காமல் விளைந்த திராட்சையில் செய்த நல்ல சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் ஏழெட்டு யூரோவுக்குக் கிடைக்கும். பாரிஸ் உணவகங்களில் ஒரு கோப்பைக்கே அந்த விலை கேட்பதுண்டு. 'ஆர்கானிக்' என்று எழுதியிருந்தாலே விலை ஏறும் என்று பழகியவர்களுக்கு இவ்வளவு குறைந்த விலை சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் இந்த விலையில் மோசடி இல்லை. அதைத் தீர்மானிப்பவை நிலத்தின் விலையும் அந்த ஊரின் வானமும்தான்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். ஷாம்பெய்ன் பகுதியில் ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், திராட்சைத் தோட்டம் சராசரியாகப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. லாங்கதோக்கில் அதே அளவு தோட்டத்தைப் பதினைந்தாயிரம் யூரோவை ஒட்டிய விலையில் வாங்கிவிடலாம். நிலத்தில் போட்ட முதலை ஒவ்வொரு பாட்டிலிலும் மீட்க வேண்டிய நெருக்கடி இங்கே இல்லை. பெயர்பெற்ற ஊரின் புகழுக்கு நாம் தனியாகப் பணம் கட்டுவதும் இல்லை. வரியும் குறைவு. பிரான்சில் ஒயினுக்கான மதுவரி ஒரு பாட்டிலுக்கு மூன்று சென்ட் அளவே. மதிப்புக் கூட்டு வரிதான் பெரியது, 20 சதவீதம். தோட்டத்தில் எட்டு யூரோ கொடுத்து வாங்கினால், சுமார் 6 யூரோ 60 சென்ட் அந்தக் குடும்பத்தின் கையில் நிற்கிறது. பாட்டில், தக்கை, அட்டைப்பெட்டி, கூலி எல்லாம் அதிலிருந்துதான்.

வானத்தின் பங்கு இதைவிடப் பெரியது. திராட்சைக் கொடிக்குப் பெரும் பகை அடிச்சாம்பல் நோய். 1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சைப் பிடித்த, பூஞ்சணத்தை ஒத்த கிருமியால் வரும் நோய் இது. இதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. போர்டோ அருகே மெடாக்கில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க விவசாயிகள் மயில்துத்தம் என்ற தாமிர உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைத் தாவரவியல் பேராசிரியர் மிலார்தே கவனித்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிக்கும் பழக்கமான போர்டோ கலவை இதுதான்.

ஆர்கானிக் தோட்டத்தில் இன்றும் அடிச்சாம்பலுக்குப் பிரதான ஆயுதம் தாமிரம், இன்னொரு நோயான சாம்பல் நோய்க்குக் கந்தகம். இரண்டும் இலையின் மேற்பரப்பில் மட்டும் படிந்து காப்பவை. செயற்கை மருந்துகளில் பல செடிக்குள் ஊடுருவிவிடும், மழை அவற்றைக் கழுவாது. தாமிரமோ இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் போய்விடும். மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் அடுத்த மழைக்கு முன். மழை அதிகமுள்ள போர்டோவில் ஓர் ஆர்கானிக் விவசாயி மே, ஜூன் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் டிராக்டரில்தான் இருப்பார். 2023இல் அங்கே அடிச்சாம்பல் தாக்கியபோது மெர்லோ திராட்சையில் பெரும்பகுதியை இழந்த தோட்டங்கள் உண்டு. லாங்கதோக்கில் கோடை வறண்டது. டிராமோந்தான் என்ற வடமேற்குக் காற்று இலை ஈரத்தை உலர்த்திவிடுகிறது. மருந்தடிப்பும் டீசலும் கூலியும் குறைகின்றன. பிரான்சில் ஆர்கானிக் திராட்சை மிக அதிகமாக இந்தப் பக்கம் விளைவது தற்செயல் அல்ல.

தாமிரம் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். அது மண்ணில் தங்கிச் சேரும் உலோகம், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

களை எடுப்பதுதான் கைக்காசைத் தின்னும் வேலை. களைக்கொல்லி கூடாது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே உழுவது சுலபம்; ஒரே வரிசையில் கொடிக்கும் கொடிக்கும் இடையே முளைக்கும் புல்தான் தொல்லை. அதற்கென டிராக்டரின் பக்கவாட்டில் ஒரு கத்தி பொருத்துகிறார்கள். முன்னால் நீளும் உணர்கம்பி தண்டில் பட்டதும் கத்தி உள்ளே மடங்கும், தண்டைக் கடந்ததும் மறுபடி நீளும். களைக்கொல்லி தெளிக்க ஆகும் நேரத்தைப்போலப் பல மடங்கு இதற்குப் பிடிக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? குடிப்பவரின் உடல்நலத்துக்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மருந்தின் புகைக்குள் முதலில் நிற்பவர் விவசாயி. கொடிகளின் தண்டு நோய்க்கு அடித்த சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சு பிரான்சில் 2001 வரை புழக்கத்தில் இருந்தது. பூச்சிமருந்து கையாண்ட விவசாயிகளுக்கு வரும் பார்கின்சன் நோயைத் தொழில்வழி நோயாக அரசு 2012இல் ஏற்றது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே வேலிகூட இல்லாத சிறு குடும்பத்துக்கு இது பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பற்றிய கவலை. அந்தப் பாட்டிலுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

இனி கடையில் எதைப் பார்ப்பது? நட்சத்திரங்களாலான இலை வடிவப் பச்சை முத்திரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் சான்று. பிரான்சின் ஏபி முத்திரையும் கூடவே இருக்கலாம். 2012 அறுவடைக்கு முன் 'ஆர்கானிக் திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்று மட்டும்தான் எழுத முடிந்தது. அதன்பிறகு ஒயின் தயாரிப்புக்கும் விதி வந்தது. சல்ஃபைட்டுக்கு லிட்டருக்கு உச்சவரம்பு: சர்க்கரை மிஞ்சாத சிவப்பு ஒயினில் 100 மில்லிகிராம், வெள்ளையில் 150. சாதாரண ஒயினில் முறையே 150, 200. சல்ஃபைட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம், நொதிக்கும்போதே அது கொஞ்சம் உண்டாகும். 'எச்.வி.இ.' என்ற முத்திரையைக் கண்டு ஏமாறக் கூடாது. அது சுற்றுச்சூழல் தரச்சான்று, ஆர்கானிக் அல்ல. செயற்கை மருந்துக்கு அதில் தடை இல்லை.

குடும்பத் தோட்டமா என்பதை அறிய, பாட்டிலின் கழுத்து மூடியைப் பாருங்கள். தோளில் பீப்பாய் சுமந்த ஒரு மனிதனின் உருவம் இருந்தால், 'விஞ்ஞெரோன் அந்தெபாந்தான்' அமைப்பின் உறுப்பினர் என்று அர்த்தம். தன் நிலத்துத் திராட்சையைத் தானே ஒயினாக்கித் தானே பாட்டிலில் அடைப்பவர். கோட்டைப் படம் போட்ட லேபிளைவிட இது நம்பகமானது.

லேபிளில் காணும் பகுதிப் பெயர்களில் கோர்பியேர், மினெர்வுவா, ஃபோஜேர், 'பேய் தோக்' ஆகியவை தெற்கில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை. கரிஞ்ஞான், கிரெனாஷ், சிரா வகைகள் கலந்த சிவப்பு ஒயின்கள் மிளகுக் காரமான கறிக் குழம்பையும் தாங்கும். கடல் மீனுக்குப் பிக்பூல் தெ பினே என்ற வெள்ளை. இன்னும் சிக்கனமாக வேண்டுமென்றால் ஐந்து லிட்டர் அட்டைப்பெட்டி ஒயினை அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்று புகாது, திறந்தபின் சில வாரங்கள் கெடாது. இந்த விலை ஒயின்களைப் பல வருடம் சேர்த்து வைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆர்கானிக் ஒயினிலும் ஆல்கஹால் அதே பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம்தான். ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி. பச்சை இலை முத்திரை அதை மாற்றாது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காத ஒரு பாட்டில். சாதாரண முறையிலிருந்து ஆர்கானிக்குக்கு மாற ஒரு தோட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் உழவும் கூலியும் விளைச்சல் குறைவும் ஆர்கானிக்குக்கு உரியவை, பச்சை முத்திரை மட்டும் கிடையாது. முதல் ஆண்டு கடந்தபின் 'ஆன் கோன்வெர்சியோன்', அதாவது 'மாற்றத்தில் உள்ளது' என்று எழுத அனுமதி உண்டு. முத்திரை இல்லாததால் பெரும்பாலும் சாதாரண ஒயினின் விலைக்கே அதை விற்கிறார்கள். கடைக்காரரிடம் அந்த இரண்டு சொற்களைச் சொல்லிக் கேளுங்கள். பணம் மிக இறுக்கமாக இருக்கும் வருடத்தில் உங்கள் ஏழு யூரோ அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.