பேட்டரியை அலமாரிக்குள்ள பூட்டாதீங்க

திருவேற்காட்டுல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழ மர அலமாரி. அதுல லெட்-ஆசிட் பேட்டரி, மேல் தட்டுல இன்வெர்ட்டர், கதவு இறுக்கமா சாத்தியிருக்கு. "பார்க்க அசிங்கமா இருக்குடா"ன்னாங்க.

சார்ஜ் நிறையுற நேரத்துல பேட்டரித் தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வரும். அதுக்கு வாசனையே கிடையாது. காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடின அலமாரியில ஒரு சின்னப் பொறி போதும். காத்தைவிட லேசான வாயு, மேலதான் தேங்கும். அதனால கதவுல கீழயும் மேலயும் துவாரம் வேணும். இன்வெர்ட்டரைப் பக்கத்துல தள்ளி, வெளியில வைங்க.

பேட்டரியைக் கழட்டணும்னா, இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு, முதல்ல நெகட்டிவ் ஒயர். மாட்டும்போது அதுதான் கடைசி. 12 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க: மோதிரம் ஷார்ட் ஆனா விரல் வெந்துடும்.

இப்ப பெரியம்மா வீட்டுல கம்பிவலைக் கதவு. உங்க வீட்டுல?