முட்டி போட்டு நின்றவர்

ஆறு வயதில் நான் ஒரு படத்தில் அழுதிருக்கிறேன். அது நடிப்பு இல்லை. அழுகை வரவில்லை என்று ஒருவர் தொடையில் கிள்ளினார். ஷாட் ஓகே ஆனதும் எல்லோரும் கை தட்டினார்கள், என் அம்மாவும்தான். அன்றிலிருந்து எந்தப் பேய்ப்படம் பார்த்தாலும் பேயைவிட அதில் வரும் குழந்தையைத்தான் கவனிப்பேன்.

'தி பாபடூக்' 2014இல் வந்த ஆஸ்திரேலியப் படம். பிரசவ வலியில் இருந்த அமீலியாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியில், கார் விபத்தில் கணவன் இறந்துவிடுகிறான். மகன் சாமுவேல் பிறந்த நாளே அப்பாவின் நினைவு நாளும். அந்த வீட்டில் எங்கிருந்தோ ஒரு படக்கதைப் புத்தகம் வந்து சேர்கிறது. உயரத் தொப்பி, கறுப்புக் கோட்டு, நீண்ட விரல்களோடு அதற்குள் ஒரு உருவம். போகப்போக மகனுக்கு அம்மாவே பேயாகிவிடுகிறாள்.

எழுதி இயக்கியவர் ஜெனிஃபர் கென்ட். முன்னாள் நடிகை. டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, அவருடைய 'டாக்வில்' படப்பிடிப்பில் கூட இருந்து தொழில் கற்றார். 2005இல் இதே கருவை 'மான்ஸ்டர்' என்ற கறுப்பு வெள்ளைக் குறும்படமாக எடுத்துப் பார்த்தார். முழுநீளப் படத்துக்குக் கிடைத்த பணம் சுமார் 20 லட்சம் அமெரிக்க டாலர். பெரும்பகுதி அரசுத் திரைப்பட அமைப்புகள் தந்தது. செட் போட அது போதவில்லை. 2012இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடம் கேட்டு, மேலும் 30,000 டாலர் திரட்டினார்கள்.

அந்தச் செட்டைப் பார்க்க வேண்டும்! வீட்டின் உட்புறத்தை அடிலெய்டில் கட்டினார்கள். சுவர், திரைச்சீலை, உடை எல்லாமே நீலம், சாம்பல், கருஞ்சிவப்பு. விளக்குகளுக்கு வண்ணத்தாள் கட்டாமல், பொருள்களின் நிறத்தாலேயே அந்தக் குளிர்ச்சியைக் கொண்டுவந்தார்கள். பேயையும் கணினியிடம் விட்டுவிடவில்லை. நூறாண்டுக்கு முன் பிரெஞ்சு இயக்குநர் மெலியஸ் செய்த கேமரா வித்தைகளையும், பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் முறையையும் நம்பினார் கென்ட். புத்தகத்தின் படங்களை வரைந்தவர் அலெக்சாண்டர் யுஹாஸ். எனக்கு அந்தப் பக்கங்களே போதும், உருவம் வெளியே வர வேண்டியதே இல்லை.

ஆனால் நான் இந்தப் படத்தைக் கொண்டாடுவது வேறொன்றுக்காக. சாமுவேலாக நடித்த நோவா வைஸ்மனுக்கு அப்போது ஆறு வயது. கதையை அவன் வயதுக்கு ஏற்றபடி கென்ட் சொல்லிக் கொடுத்தார். அவனுடைய அம்மா படப்பிடிப்பில் கூடவே இருந்தார். அமீலியாவாக நடித்த எஸ்ஸி டேவிஸ், மகனைப் பார்த்துக் கொடூரமாகக் கத்தும் காட்சிகள் உண்டு. அவற்றை எடுக்கும்போது பையன் எதிரே இல்லை. அவன் உயரத்துக்கு ஒரு பெரியவர் முட்டி போட்டு நின்று, அத்தனை வசையையும் வாங்கிக்கொண்டார். பையனின் முகத்தைத் தனியாக எடுத்து, எடிட்டிங்கில் சேர்த்தார்கள். காசில்லாத படம்தான், அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சொந்த நாட்டில் படம் ஓடவில்லை. வெளிநாடுகளில் ஓடியது. 'தி எக்ஸார்சிஸ்ட்' பேய்ப்படத்தை எடுத்த வில்லியம் ஃபிரீட்கினே இதைவிடப் பயங்கரமான படத்தைப் பார்த்ததில்லை என்று எழுதினார். பிறகு ஆஸ்திரேலியாவின் ஆக்டா விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது.

குழந்தைகளை நடிக்க அழைக்கும் இயக்குநர்களே, ஒரு முறை இந்தப் படத்தைப் பாருங்கள். அம்மா கத்தும் அந்தக் காட்சியில் உங்களுக்கு உடல் நடுங்கும். அப்போது பையன் அங்கே இல்லை.