தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க!

கண் டாக்டரிடம் போகும் பிள்ளைகளில் சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். தமக்கு முன்னால் அக்காவோ அண்ணனோ சுவரில் இருக்கும் அட்டையைப் படிக்கும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்வார்கள். தம் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். வேறு சிலர், மூடச் சொன்ன கண்ணைத் திறந்து விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பழக்கம்! யார் கேள்வி கேட்டாலும் சரியான விடை சொல்லியே ஆகவேண்டும் என்று ஒரு பயம். இந்தப் பரிசோதனையில் பாஸ், பெயில் எதுவும் கிடையாது. நீங்கள் எந்த வரியில் தடுமாறுகிறீர்களோ, அந்த இடம்தான் டாக்டருக்கு வேண்டும். அதை மறைத்துவிட்டால் அவர் எதை அளப்பார்?

அந்த அட்டையின் பெயர் ஸ்னெல்லன் அட்டை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்டது. அதில் எழுத்துகளை ஏனோதானோ என்று வரையவில்லை. ஒவ்வொன்றும் ஐந்து கட்டம் உயரம், ஐந்து கட்டம் அகலம். கோட்டின் தடிமன் சரியாக ஒரு கட்டம். 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து படிக்க வேண்டிய 6/6 வரியில் எழுத்தின் உயரம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். உச்சியில் தனியாக நிற்கும் 6/60 எழுத்து அதைப்போல் பத்து மடங்கு. சில மருத்துவமனைகளில் தமிழ் எழுத்து அட்டையும் இருக்கும். எழுத்தே தெரியாத வாண்டுகளுக்கு, ஆங்கில ‘இ’யை மேல், கீழ், இடம், வலம் என்று திருப்பித் திருப்பிப் போட்ட அட்டை உண்டு. அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கையைக் காட்டினால் போதும்.

சரி, டாக்டர் தரும் சீட்டில் 6/12 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு நெருங்கி வந்துதான் படிக்கிறீர்கள். அவ்வளவுதான். பார்வை பாதி போய்விட்டது என்று பாட்டி கண்ணைக் கசக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிலருக்கு ஒரு கண் பளிச்சென்று தெரியும், மற்றது மங்கலாக இருக்கும். இரண்டையும் திறந்து வைத்திருக்கும்போது நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் அந்தப் பிள்ளைக்குக் குறையே தெரியாது. இதில் ஓர் ஆபத்து உண்டு. மங்கலான படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும் கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிறகு சரியான கண்ணாடியே போட்டாலும் அந்தக் கண்ணில் தெளிவு வராது. ‘சோம்பேறிக் கண்’ என்பது இதைத்தான். பாவம், சோம்பேறித்தனம் கண்ணிடம் இல்லை! சின்ன வயதில் கண்டுபிடித்தால், கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடிவைத்து, மற்றதைப் பழக்கிவிடலாம். ஏழு, எட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஆகையால் இன்றைக்கே ஒரு கண்ணை மூடி எதிர்ச்சுவர் காலண்டரைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லையென்றால் உடனே அம்மாவிடம் சொல்லுங்கள்.

கரும்பலகை தெரியாத பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதிலும் அறிவியல் இருக்கிறது. ஒரு தடித்த அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். கண்ணாடி போடுபவர் அதைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாகக் காலண்டரைப் பார்க்கட்டும். எழுத்து தெளிந்து வரும்! துளை சின்னதாக இருப்பதால் சிதறி வரும் ஒளிக்கதிர்கள் தடுக்கப்படுகின்றன. நேராக வரும் கதிர்கள் மட்டும் உள்ளே போகின்றன. கண்ணைச் சுருக்கும்போதும் இதுதான் நடக்கிறது. டாக்டரும் கறுப்புத் தட்டில் துளை போட்டு இதையே செய்வார். துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடியே போதும். தெரியாவிட்டால், கோளாறு வேறு எங்கோ இருக்கிறதா என்று தேடுவார். (இந்த அட்டையோடு சூரியனைப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.)

இப்போதெல்லாம் ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்கிறார்கள். உள்ளே நீளமான சாலை, அதன் முடிவில் ஒரு பலூன். படம் மங்கித் தெளியும் ஒரு நிமிடத்துக்குள் கருவி பவரை அச்சிட்டுத் தருகிறது. “அப்புறம் என்னிடம் ஏன் கேட்கிறார்கள்?” என்று தோன்றும். கருவி தருவது தொடக்கப் புள்ளி மட்டும். பிறகு கனமான சோதனைச் சட்டகத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?” என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லுங்கள். அதுவும் நல்ல பதில்தான். பாதி சிவப்பு, பாதி பச்சைப் பலகையைக் காட்டி எதில் எழுத்து கறுப்பாகத் தெரிகிறது என்றும் கேட்கலாம். பச்சை ஒளி சிவப்பைவிடச் சற்று அதிகமாக வளைவதால் கொஞ்சம் முன்னதாகவே குவியும். சிவப்பு தெளிவாக இருந்தால், மைனஸ், அதாவது கிட்டப்பார்வைக்கான பவர், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அர்த்தம்.

சொட்டு மருந்து பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது, பிள்ளைகள் பயப்படுவது அதற்குத்தானே! கொஞ்சம் எரியும், உண்மைதான். கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சரிசெய்யும் தசை உங்கள் வயதில் மிகவும் பலமானது. அது சும்மா இருக்காமல் வேலை செய்துகொண்டே இருந்தால், இல்லாத மைனஸ் இருப்பதுபோலக் காட்டும். இருக்கும் பிளஸை, அதாவது தூரப்பார்வையை, மறைத்தும்விடும். சொட்டு மருந்து அந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்கிறது. போட்டபின் வெயில் கூசும், புத்தக எழுத்து மங்கும். சில மருந்துகளின் விளைவு தீர ஒரு நாள் ஆகும். அட்ரோபின் என்றால் பல நாள் நீடிக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் கண் பார்க்கப் போகவேண்டாம் என்பது இதனால்தான்.

இப்போது சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை. கண்விழி கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்டதால் படம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. ஒரு கணக்கு: 100-ஐப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்று வரும். மைனஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர். மைனஸ் 4 என்றால் 25. அதற்கு அப்பால் எல்லாம் புகைதான்.

பக்கத்தில் ‘சிலிண்டர்’ என்று ஒரு கட்டமும் ‘ஆக்ஸிஸ்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் சிலிண்டர் வில்லை வேண்டும். ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1825-இல் தன் கண்ணின் இந்தக் குறையைத் தானே அளந்து, அதற்கேற்ற வில்லையைச் செய்து வாங்கினார். வில்லை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதே ஆக்ஸிஸ். பந்து பட்டு ஃப்ரேம் கோணலாகிவிட்டால் அந்தக் கோணமும் மாறிப்போகும். கோணல் கண்ணாடியோடு திரிந்தால் தலைவலி வருவதில் ஆச்சரியமில்லை. கடைக்காரர் சும்மாவே நிமிர்த்திக் கொடுப்பார், கொண்டுபோங்கள்.

கடையில் உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பார்கள். வில்லையின் மையம் கண்மணிக்கு நேராக வரவேண்டும். அப்பாவின் பழைய ஃப்ரேமில் வில்லை போடுவதோ, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்குவதோ கூடாது என்பது இதற்காகத்தான். விளையாடும் பிள்ளைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லை நல்லது. புதுக் கண்ணாடி போட்டதும் தரை சாய்ந்தாற்போல இருந்தால் சில நாளில் சரியாகும். இரண்டு வாரமாகியும் போகவில்லையென்றால் திரும்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

“கண்ணாடி போட்டால் பவர் ஏறும்” என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வார். பவர் ஏறுவது உண்மை, காரணம் கண்ணாடி இல்லை. நீங்கள் வளரும்போது கண்விழியும் வளர்கிறது. பவரைக் குறைத்துக் கொடுத்தால் ஏறாதா என்று மலேசியாவில் சோதித்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவு நேர்மாறாக இருந்தது: முழுப் பவர் போட்ட பிள்ளைகளைவிட, குறைத்துப் போட்டவர்களுக்கே மைனஸ் வேகமாக ஏறியிருந்தது. தினமும் வெளியே பகல் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று சீனாவிலும் தைவானிலும் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அம்மா திட்டினால் இதைச் சொல்லிவிட்டு விளையாடப் போகலாம்!

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு 2009-இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். எங்கே பார்த்தாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். போகும்போது பழைய சீட்டையும் பழைய கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எவ்வளவு காலத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டாக்டர் அவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.