உயிர்காப்பு அங்கியின் வயது



கடலைக் கடந்து நாள்தோறும் பணிக்குச் செல்லும் ஆசிரியர்கள் நம் நாட்டிற் பலர் உளர். தீவகத்துப் பாடசாலையொன்றின் அதிபராகிய நானும் அவர்களுள் ஒருவன். 2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகொன்று கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அச்செய்தியை இலண்டனிலிருந்து கேட்ட எமது பழைய மாணவர் ஒருவர், தாம் சேர்ந்திருந்த பாய்ப்படகுக் கழகத்தார் கழித்துவிட்ட உயிர்காப்பு அங்கிகள் பன்னிரண்டைத் திரட்டி, "சேர், எங்கள் ஆசிரியர்கள் இவற்றை அணிந்து வரட்டும்" என்றொரு கடிதமும் வைத்துக் கப்பற் பொதியாக அனுப்பினார். அவற்றைக் கண்டு மகிழ்ந்தோம். அன்றே பங்கிட்டு அணியவும் தொடங்கினோம். அவை பழுதற்றவையா என்று கேட்க வேண்டுமென்பது எமக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதங் கழித்து, புதிதாய் வந்த ஆசிரியர் இருவருக்கு அங்கியின் பயன்பாட்டைக் காட்டும்பொருட்டு, ஆசிரியை ஒருவர் அணிந்துவந்த அங்கியை வாங்கி மேசைமேல் வைத்து அதன் கயிற்றை இழுத்தேன். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் இழுத்தேன். உள்ளே ஊசி அசைந்த ஒலி மாத்திரமே கேட்டது. உறையைப் பிரித்து நோக்கியபோது, வாயு அடைத்த சிறிய உருளை, திருகுமரை கழன்று, ஊசிக்கு எட்டாத இடத்திலே தொங்கிக் கிடந்தது. அந்த ஆசிரியை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்த அங்கியை நம்பிக் கடலைக் கடந்தவர் அவர். பழைய அங்கிகளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா, கழித்துவிட்டு வேறு வாங்குவதா என்ற வினா எமக்கு எழுந்தது அன்றுதான்.

விடை காண்பதற்கு, இந்த அங்கி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். பழங்காலத்து உயிர்காப்பு அங்கிகள் தக்கையாற் செய்யப்பட்டவை. 1854 இல் பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தைச் சேர்ந்த கப்டன் வார்ட் என்பவர் அமைத்த தக்கை அங்கி பெயர்பெற்றது. 1861 இல் விற்பி என்னும் ஆங்கிலத் துறைமுகத்தில் உயிர்காப்புப் படகே கவிழ்ந்தபோது, பதின்மூவருள் உயிர் தப்பியவர் ஒருவரே. அவர்தாம் அப்புதிய அங்கியை அணிந்திருந்தவர். தக்கைக்குப் பின்னர் இலவம்பஞ்சு வந்தது. ஆம், நமது வீட்டுத் தலையணைகளில் அடைக்கும் அதே பஞ்சுதான்! நீர் எளிதில் ஊறாத இயல்புடையது அது. இவையெல்லாம் பருமனானவை, அணிந்துகொண்டு தொழில் செய்தல் அரிது. 1928 இல் பீட்டர் மார்க்கஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற ஊதும் அங்கி அக்குறையைத் தீர்த்தது. இரண்டாம் உலகப் போரில் விமானவீரர்கள் கழுத்தில் அணிந்தவை அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இன்றைய ஊதும் அங்கியில், மடித்துவைத்த துணிப்பை ஒன்றும், காபனீரொட்சைட்டை அழுத்தி அடைத்த உருளை ஒன்றும், அவ்வுருளையைத் துளைக்கும் ஊசியமைப்பும், வாயால் ஊதுதற்குரிய குழாயும் உள்ளன. வளர்ந்தோர்க்கான சாதாரண அங்கியின் உருளையில் 33 கிராம் வாயு இருக்கும். உருளை துளைக்கப்பட்டதும் அச்சிறு நிறை ஏறக்குறைய 18 இலீற்றர் இடத்தைக் கொள்ளும் வாயுவாக விரிகின்றது. பை விலக்கும் நீரின் நிறைக்குச் சமமான விசை அணிந்தவரை மேலே தாங்கும் என்பது ஆக்கிமிடிசு கண்ட விதி. ஆகவே 15 கிலோகிராமுக்குக் குறையாத மிதப்பு, பொறியியலார் அளவையில் 150 நியூற்றன், நமக்குக் கிடைக்கின்றது. மனிதன் தலையை நீர்மேல் வைத்திருக்க இதில் மூன்றிலொரு பங்கே போதும். எஞ்சியது மயங்கியவனின் முகத்தை வானோக்கித் திருப்பி, அலைக்கு மேல் வாயை உயர்த்தி வைப்பதற்காக. வாயுவில் ஒரு பகுதி கசிந்து போயிருந்தால், முதலிற் குறைவது மயங்கியவனுக்கு வேண்டிய இந்த உதவியே.

இவ்வுறுப்புகள் ஒரே வயதில் மூப்படைவதில்லை. நமது வினாவின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது. உருளையை மாற்றலாம். ஊசியமைப்பின் உறுப்புகளை மாற்றலாம். துணிப்பையை மாற்ற இயலாது. பை போயிற்றெனின் அங்கியே போயிற்று.

எளியதை முதலிற் சொல்லிவிடுகிறேன். உருளை இரும்பாலானது, உப்புக்காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும். துரு உருளைக்கு மாத்திரம் பகையன்று. சொரசொரப்பான அதன் மேற்பரப்பு, வள்ளத்தின் ஆட்டத்தில் அருகே மடிந்திருக்கும் துணியை நாள்தோறும் அரம்போல் அராவுகின்றது. உருளையில் வாயு நிறைந்திருக்கின்றதா என்பதைக் கண்ணாற் காண முடியாது. ஆனால் அதன் மொத்த நிறை உருளையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் இட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வள்ள இயந்திரத்தின் ஓயாத அதிர்வால் உருளை தானாகவே திருகு கழல்வதும் உண்டு. எமது ஆசிரியையின் அங்கிக்கு நேர்ந்தது இதுவே. கையால் வலஞ்சுழியாக இறுக்கிவிட்டால் தீர்ந்துபோகும் குறை அது. அதை அறியாதவரைக்கும் உயிரை வாங்கும் குறை.

தானாக ஊதும் அங்கிகளில் மேலுமோர் உறுப்பு உண்டு. விறைத்து நிற்கும் வில்லொன்றைக் கரையும் வில்லை ஒன்று தடுத்து வைத்திருக்கும். அங்கி நீரில் வீழ்ந்ததும் வில்லை கரைய, வில் பாய்ந்து ஊசியைச் செலுத்தும். நமது மாரிகாலத்து ஈரமே அவ்வில்லையைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட வல்லது. பெட்டிக்குள் வைத்த அங்கி நள்ளிரவில் தானே ஊதியெழுந்து வீட்டாரை எழுப்பிய கதைகள் கடலோடிகளிடையே பல உள. இவ்வகை வில்லைகளுக்கு மூன்றாண்டு எல்லை விதிப்பது வழக்கம். நீரின் அழுத்தத்தால் இயங்கும் வேறொரு வகைக்கு ஐந்தாண்டு. இத்திகதிகள் உறுப்பின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இனித் துணிப்பை. நைலோன் துணியின்மேல் பொலியூரேத்தேன் பூசி, ஓரங்களை வெப்பத்தால் ஒட்டி இதைச் செய்கிறார்கள். வெயிலும் ஈரமும் இப்பூச்சின் பகைவர். நமது நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது விரைவிலே சிதையும். தொட்டால் விரலிற் பிசுபிசுக்கும், மடிப்பைப் பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் மடிந்திருந்த இடம் வெண்மைபூத்து நலியும். இந்நிலையை அடைந்த பைக்கு மருந்தில்லை. சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப்போடுவதுபோல் இதற்கு ஒட்டுப்போட எண்ணுவோர் உளர். அதனிலும் பெரிய தவறு வேறில்லை.

பையைச் சோதிக்கும் முறையில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. உருளையையும் வில்லையையும் முதலில் கழற்றிவிடல் வேண்டும். மறந்தால், ஊதிய பையினுள் வாயுவும் பாய்ந்து பையைக் கிழித்துவிடலாம். பின்னர் குழாய் வழியாக வாயால் விறைப்பாகும் வரை ஊதி, வெயில் படாத அறையில் ஓர் இரவும் பகலும் விட்டுவைக்க வேண்டும். இரவின் குளிரிற் சற்றே தளர்வது இயல்பு. மறுநாள் அதே வேளையில், அதே வெப்பத்தில் ஒப்புநோக்க வேண்டும். காற்றை வெளியேற்றும்போது குழாயின் வால்வைப் பென்சிலாற் குத்தக்கூடாது. அதன் மூடியைத் தலைகீழாகத் திருப்பி அழுத்தினால் போதும். மூடி அதற்கென்றே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது.

எமது பன்னிரண்டையும் பாடசாலை மண்டபத்தில் வரிசையாக ஊதி வைத்தோம். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. அவற்றுள் ஐந்து பதினைந்து ஆண்டைக் கடந்தவை; நான்கு பத்தாண்டை அண்டியவை; மூன்று ஐந்தாண்டுக்கு உட்பட்டவை. மறுநாள் பார்த்தபோது வியப்பொன்று காத்திருந்தது. பத்தாண்டு வகையில் ஒன்று முற்றாய்த் தளர்ந்து கிடக்க, மிகப் பழைய ஐந்தினுள் மூன்று விறைப்பாகவே நின்றன! "சேர், நிற்கிறவற்றை ஏன் எறிய வேண்டும்?" என்று கணித ஆசிரியர் கேட்டார். நேரிய கேள்வி. ஆனால் மெல்ல ஊதி அசையாது வைத்த பை ஓர் இரவு தாங்குவது வேறு. இறுக மடித்த பை ஒருசில நொடிக்குள் திடுமென விரிந்து, அதன்பின் அலையில் ஒருவரைத் தாங்குவது வேறு. நின்ற மூன்றின் மடிப்புகளும் பிசுபிசுத்தன. ஒன்றில் துருவின் தடம் துணியில் அழுந்தியிருந்தது. சோதனையிற் தேறாததைக் கழிக்க ஒரு சோதனை போதும். தேறியதை ஏற்க அதன் வயதும் வரலாறும் வேண்டும். ஏறக்குறைய பத்தாண்டை இவ்வங்கிகளின் ஆயுளாகச் செய்வோர் பலர் கொள்வது காரணமில்லாமலன்று.

கப்பல்களைப் பொறுத்தமட்டில் சர்வதேச உடன்படிக்கை இதனை எவருடைய விருப்பத்துக்கும் விட்டுவைக்கவில்லை. கப்பலில் உள்ள ஊதும் அங்கி ஒவ்வொன்றும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் அங்கீகாரம் பெற்ற நிலையத்திற் பரிசோதிக்கப்படல் வேண்டும். ஒன்று கிழிந்தால் மற்றது தாங்கும்படி தனித்தனியான இரண்டு அறைகளும் வேண்டும். எமக்கு வந்தவை உல்லாசப் படகோட்டிகளுக்கானவை. அவற்றில் ஓர் அறையே உண்டு. பராமரிப்பை அவர்கள் தாமே பார்த்துக்கொள்வர் என்ற நம்பிக்கையிற் செய்யப்பட்டவை அவை.

செலவையும் கணக்கிட்டோம். வாயு அடைத்த உருளைகளைச் சாதாரண விமானத் தபாலில் அனுப்ப இடமில்லை, கப்பலில் வரவேண்டும். ஓர் அங்கிக்கு வேண்டிய உருளை, வில்லை ஆகியவற்றின் விலையும் அனுப்புகூலியும் சேர்ந்து, இங்கே வாங்கத்தக்க நுரைப்பஞ்சு அங்கிகள் இரண்டின் விலையை எட்டின. நுரைப்பஞ்சு அங்கிக்கு உருளையும் இல்லை, வில்லையும் இல்லை. கிழிசலையும் வார்களையும் பார்த்து, பஞ்சு நசுங்கிச் சுருங்கியதா என்று நோக்கினாற் போதும். ஆண்டுதோறும் பரிசோதிப்பேன் என்று உறுதிகூற இயலாதவர் ஊதும் அங்கியை வைத்திருத்தலே ஆகாது என்பது என் முடிவு. சிறு பிள்ளைகளுக்கு நுரைப்பஞ்சே ஏற்றது. அவர்களைக் கயிறிழுக்கச் சொல்வது பொருந்தாது.

அவ்வாறாயின் ஊதும் அங்கிகளை முற்றாய் ஒதுக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ஒதுக்கவில்லை. எமது தீவுக்கு ஓடும் வள்ளங்கள் சிலவற்றிற் பயணிகள் கீழ்த்தட்டில், கூரையின் கீழ் அமர்ந்திருப்பர். அத்தகைய அடைப்புக்குள் நீர் புகுந்தால், முன்கூட்டியே மிதப்புப் பெற்றவன் கூரையோடு அழுந்திவிடுவான். குனிந்து வாயிலைத் தேட அவனால் முடியாது. 1996 நவம்பர் 23 இல் கடத்தப்பட்ட எதியோப்பிய விமானமொன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக்கு அருகே கடலில் இறங்கியது. அதில் இருந்த 175 பேரில் 125 பேர் மாண்டனர். விமானத்துக்குள்ளேயே அங்கியை ஊதிக்கொண்டமையால் வெளியேற மாட்டாது இறந்தோரும் அவர்களுள் இருந்தனர். வெளியே வந்தபின் ஊதுக என்று விமானப் பணிப்பெண் ஒவ்வொரு பயணத்திலும் கூறுவதன் காரணம் இதுவே. நம்மிற் பெரும்பாலோர் அவ்வேளையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருப்போம். ஆதலின் கீழ்த்தட்டில் இருப்போருக்கு, கயிற்றை இழுத்தால் மாத்திரம் ஊதும் அங்கியே தகும். நீர் பட்டவுடன் தானாக ஊதுவது அவ்விடத்திற் பேராபத்து. நுரைப்பஞ்சும் அங்கே நன்றன்று.

முடிவில், ஐந்தாண்டுக்கு உட்பட்ட மூன்றையும் வைத்துக்கொண்டோம். அவ்வகையில் வில்லைத் தலைக்குப் பதிலாகக் கயிற்றால் மாத்திரம் இயங்கும் தலையைப் பொருத்த இடமிருந்தமையால், அவ்வாறே மாற்றுவித்துப் புதிய உருளைகளும் இட்டோம். பத்தாண்டை அண்டியவற்றில் ஒன்றைக் குறித்து ஒரு கிழமை விவாதித்தோம்; பையிற் குறையில்லை, ஆனால் ஈராண்டுக்குள் எப்படியும் கழிக்கப்போவதற்கு இத்துணைச் செலவா என்று அதனையும் விட்டுவிட்டோம். கழித்த ஒன்பதையும் அப்படியே எறியவில்லை. எறிந்திருந்தால், நல்லதென்று எண்ணி எவரேனும் ஒரு மீனவர் எடுத்து அணிவார். உருளைகளைக் கழற்றி வேறாக ஒப்படைத்து, பைகளைக் கத்தரியால் நடுவே வெட்டினோம்.

இலண்டனுக்குக் கடிதம் எழுதுவதுதான் கடினமாயிருந்தது. அன்போடு அனுப்பிய பன்னிரண்டில் ஒன்பதை வெட்டினோம் என்று எவ்வாறு எழுதுவது? மூன்று முறை எழுதிக் கிழித்தபின், நடந்ததை நடந்தபடியே எழுதினேன். ஒரு மாதத்தில் விடை வந்தது. "சேர், கழகத்தார் அவற்றை ஏன் கழித்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்று எழுதி, மேற்றட்டிற் பயணஞ் செய்வோர்க்கு நுரைப்பஞ்சு அங்கிகள் வாங்கப் பணமும் அனுப்பியிருந்தார்.

எஞ்சிய மூன்று ஊதும் அங்கிகளில் ஒன்றை அந்த ஆசிரியையே அணிகின்றார். ஒவ்வொரு தவணையின் முதல்நாளும், வகுப்புத் தொடங்குமுன், அதன் உருளையைக் கழற்றி விஞ்ஞானகூடத் தராசில் தம் கையாலேயே நிறுத்து, நிறையையும் திகதியையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுகின்றார். பிறரை நிறுக்க அவர் விடுவதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.