கழற்றிக் காத்தல்

உறுதியாகப் பொருத்தப்பட்ட ஒரு பொருளை அசைக்காமல் விட்டுவைப்பதே அதற்குப் பாதுகாப்பு என்பது பொதுவான எண்ணம். இரும்பைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் எப்போதும் பொருந்துவதில்லை. சில உறுப்புகளை உரிய காலத்தில் கழற்றித் தூய்மை செய்து, உலர்த்தி, மீண்டும் பொருத்தினால்தான் அவற்றின் ஆயுள் நீளும். வட அமெரிக்காவின் பனிப்பகுதிகளில் மகிழுந்து வைத்திருப்போர் சிலர், குளிர்காலம் தொடங்குமுன் வண்டியின் இழுவை இணைப்பைக் கழற்றி வைக்கின்றனர். சிறிய வேலையாகத் தோன்றும் இவ்வழக்கத்திற்குள் இரும்பின் வேதியியலும், பயணம் செய்வோரின் உயிர்ப்பாதுகாப்பும் அடங்கியுள்ளன.

இழுவை இணைப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடைக்காலம் பயணத்திற்குரிய காலம். படகு, கூடார வண்டி, மிதிவண்டி தாங்கி ஆகியவற்றை மகிழுந்தின் பின்னே பூட்டிக்கொண்டு ஏரிக்கரைகளுக்கும் காடுகளுக்கும் மக்கள் செல்வர். இவற்றை வண்டியோடு இணைக்கும் எஃகு உறுப்பே இழுவை இணைப்பு. இது மூன்று பகுதிகளை உடையது. வண்டியின் அடிச்சட்டத்தில் மரையாணிகளால் முடுக்கப்பட்ட குறுக்குத்தண்டு முதற்பகுதி. அதன் நடுவே பின்னோக்கித் திறந்திருக்கும் சதுரக் குழல் இரண்டாம் பகுதி. அக்குழலினுள் செருகி, ஒரு குறுக்காணியால் பூட்டப்படும் பந்துமுனைத் தண்டு மூன்றாம் பகுதி. குழலின் அளவு சிறிய வண்டிகளில் 1.25 அங்குலமாகவும், பெரிய வண்டிகளில் 2 அங்குலமாகவும் இருப்பது வழக்கம்.

இவ்வுறுப்பு ஆண்டின் சில மாதங்களே பயன்படுகிறது. எஞ்சிய மாதங்களில் வேலையின்றி வண்டியின் அடியில் தொங்குகிறது. அது கெடுவது பெரும்பாலும் வேலை செய்யும் கோடையில் அன்று. வேலையற்றிருக்கும் குளிர்காலத்திலேயே ஆகும்.

பனியும் உப்பும்

தூய நீர் சுழியம் டிகிரி செல்சியசில் உறைகிறது. நீரில் உப்புக் கரைந்திருந்தால் உறைநிலை தாழ்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புள்ள கரைசல் ஏறத்தாழ −6 டிகிரியிலும், இருபது பங்கு உள்ளது ஏறத்தாழ −16 டிகிரியிலும் உறையும். இப்பண்பைப் பயன்படுத்தியே சாலையில் படியும் பனிக்கட்டியை உருக்குகின்றனர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலம் 1938ஆம் ஆண்டில் சாலைகளில் உப்புத் தூவும் சோதனையை மேற்கொண்டது. இன்று அந்நாட்டில் ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட உப்பு சாலைகளில் தூவப்படுகிறது. கடுங்குளிர் நிலவும் இடங்களில் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் பயன்படுகின்றன.

மகிழுந்துத் தொழிலால் உலகப் புகழ்பெற்ற டெட்ராய்ட் நகரின் அடியில், ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில், பெரும் உப்புச் சுரங்கம் ஒன்று உள்ளது. அங்கு வெட்டி எடுக்கப்படும் உப்பு சாலைகளில் தூவப்பயன்படுகிறது. வண்டியை உருவாக்கிய ஊரின் நிலத்தடியிலேயே வண்டியை அரிக்கும் பொருளும் கிடக்கிறது. ஆயினும் உப்பைக் குறைகூறிப் பயனில்லை. பனி வழுக்கும் சாலையில் விபத்துகளைத் தடுத்து, உயிர்களைக் காப்பதும் அதே உப்புதான். எனவே உப்பைத் தவிர்ப்பதைவிட, அதிலிருந்து இரும்பைக் காக்கும் வழியை அறிவதே அறிவுடைமை.

துருவின் தோற்றம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையெனில் சாதாரணச் சூழலில் துரு தோன்றாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் யூலிக் எவன்ஸ் இந்நிகழ்வை ஒரு சிறு நீர்த்துளியைக் கொண்டு விளக்கிக் காட்டினார். இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த்துளி ஒன்றை வைத்தால், துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள உயிர்வளி எளிதில் கரைகிறது. நடுப்பகுதிக்கு அது குறைவாகவே சென்று சேர்கிறது. இவ்வேறுபாட்டால் துளிக்குள் ஒரு நுண்ணிய மின்கலம் அமைந்துவிடுகிறது. உயிர்வளி குறைந்த நடுப்பகுதி நேர்மின்வாயாகி, அங்குள்ள இரும்பு அயனியாகக் கரைகிறது. உயிர்வளி மிகுந்த ஓரப்பகுதி எதிர்மின்வாயாகிறது. இரும்பிலிருந்து விடுபட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்தை அடைந்து, உயிர்வளியோடும் நீரோடும் வினைபுரிகின்றன. கரைந்த இரும்பு மேலும் உயிர்வளியேற்றம் பெற்றுச் செம்பழுப்பு நிறத் துருவாகப் படிகிறது.

இவ்வினையில் உப்பின் பங்கு யாது? உப்பு இரும்பை நேராக உண்பதில்லை. நீரில் கரைந்து அயனிகளாகப் பிரிந்து, அந்நீரின் மின்கடத்தும் திறனைப் பெருக்குகிறது. அதனால் வினை விரைகிறது. குளோரைடு அயனிகள், உலோகத்தின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய படலத்தையும் சிதைக்கின்றன. மேலும், உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்வதால், மழையும் பனியும் நின்ற பின்னரும் இரும்பு ஈரமாகவே இருக்கிறது.

அலுமினியத்தின்மேல் உருவாகும் ஆக்சைடு, உலோகத்தோடு ஒட்டி நின்று கவசமாகிறது. துருவோ நுண்துளைகள் நிறைந்தது, உதிரும் தன்மையுடையது. தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்கிற்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வது. எனவே ஓர் அடுக்கு உதிர்ந்தால் அடுத்த அடுக்கு வெளிப்படுகிறது, அழிவு தொடர்கிறது.

மறைவிடத்தில் வளரும் துரு

எவன்ஸ் காட்டிய துளியின் நடுப்பகுதியைப் போன்றதே இழுவை இணைப்பின் இடுக்கு. பந்துமுனைத் தண்டுக்கும் சதுரக் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி உண்டு. சாலையிலிருந்து தெறிக்கும் உப்புநீர் அங்குப் புகுந்து தேங்குகிறது. உள்ளே உயிர்வளி குறைவு, வெளியே மிகுதி. ஆகவே இடுக்கின் உட்புறமே கரையும் பகுதியாகிறது. வெளியே வண்ணப்பூச்சு பளபளக்க, உள்ளே இரும்பு மெலிகிறது. துரு பருத்து இடைவெளியை இறுக அடைத்துக்கொள்வதால், தண்டைக் குழலிலிருந்து உருவ முடியாமல் போவதும் உண்டு. குளிர்காலம் முழுதும் பூட்டியே வைத்த தண்டை இளவேனிலில் சம்மட்டியால் அடித்தும் எடுக்க இயலாத நிலை இவ்வாறு ஏற்படுகிறது.

வெப்பமூட்டப்பட்ட கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் துரு பிடிக்காது என்று கருதுவதும் சரியன்று. வெளியே கடுங்குளிரில் உறைந்து செயலற்றிருந்த உப்புப்பனி, கொட்டகையின் வெப்பத்தில் உருகி நீராகி வினையைத் தொடங்குகிறது. வெப்பநிலை உயர உயர அரிமானமும் விரைவுபெறுகிறது.

பருவந்தோறும் செய்யும் பணி

சாலையில் உப்புத் தூவத் தொடங்குமுன், இலையுதிர் காலத்திலேயே இப்பணியை முடித்தல் நன்று. முதலில் குறுக்காணியை நீக்கிப் பந்துமுனைத் தண்டை உருவி எடுக்க வேண்டும். இழுவண்டியைப் பூட்டாத நாள்களில் இவ்வொன்றைச் செய்தாலே பெருமளவு பயன் விளையும். குழலின் வாயை ரப்பர் மூடியால் அடைப்பதற்குமுன் உட்புறத்தை நன்னீரால் கழுவி முழுதும் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் மூடியே ஈரத்தைச் சிறைவைத்து, துருவுக்குத் துணையாகிவிடும்.

குறுக்குத்தண்டையும் கழற்ற விரும்புவோர், அதன் எடையை அறிந்து, கீழே தாங்கு கொடுத்த பின்னரே மரையாணிகளைத் தளர்த்துதல் வேண்டும். கழற்றிய தண்டைக் கழுவி உலர்த்திக் கம்பித் தூரிகையால் தேய்த்து, உதிரும் துருவை நீக்க வேண்டும். பின்னர் அடிப்பூச்சும், அதன்மேல் வண்ணப்பூச்சும் பூசலாம். மரைகளின் மேல் வண்ணம் படலாகாது. குறுக்காணிக்கும் பந்துமுனைக்கும் மெல்லிய மசகுப்பூச்சுப் போதும். அடிச்சட்டத்தில் திறந்து கிடக்கும் மரைத்துளைகளை அடைத்து வைத்தலும் இன்றியமையாதது. இல்லையெனில் தண்டைக் காக்கப் போய்ச் சட்டத்தை இழக்க நேரிடும்.

இளவேனிலில் மீண்டும் பொருத்தும்போது, கழற்றுகையில் கீறிய இடங்களைப் பூச்சால் மறைத்து, வண்டிக் கையேடு கூறும் அளவிற்கு மரையாணிகளை முறுக்குவிசை அளவியால் முடுக்குதல் வேண்டும். உலோகம் ஆழமாகக் குழிந்தோ மெலிந்தோ இருந்தால், அதன்மேல் பூச்சுப் பூசுவது குறையை மறைக்குமேயன்றி வலிமையைத் திருப்பித் தராது. அத்தகைய உறுப்பை ஒதுக்கிவிடுவதே முறை. ஓடும் வண்டியிலிருந்து இழுவண்டி பிரிந்தால், எதிரே வருவோரின் உயிருக்கே ஊறு நேரும்.

ஒரு பாலம் தந்த பாடம்

பார்வைக்கு எட்டாத இடத்தில் தோன்றும் சிறு குறை எவ்வளவு பெரிய அழிவைத் தரும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ஓகியோ ஆற்றின்மேல் 1928இல் திறக்கப்பட்ட வெள்ளிப் பாலம், 1967 திசம்பர் 15 அன்று மாலை, வண்டிகள் நெருங்கி நின்ற வேளையில் இடிந்து ஆற்றில் வீழ்ந்தது. 46 பேர் உயிரிழந்தனர். பாலத்தைத் தாங்கிய எஃகுக் கண்ணித்தண்டுகளுள் ஒன்றில், மூட்டின் உட்புறத்தில், ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமே உடைய விரிசல் இருந்தது. தகைவும் அரிமானமும் சேர்ந்து அதனை உண்டாக்கியிருந்தன. மூட்டைக் கழற்றாமல் அவ்விரிசலைக் கண்டறிய இயலாது என்று ஆய்வு கூறியது. இந்நிகழ்விற்குப் பின்னரே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்யும் நாடு தழுவிய விதிமுறைகள் உருவாயின.

நம் கரையில்

தமிழகச் சாலைகளில் பனி படிவதில்லை. உப்புத் தூவும் தேவையும் இல்லை. ஆயினும் கடற்காற்று அவ்வேலையைச் செய்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம், உப்புக்காற்றோடு நூறாண்டுகளுக்கும் மேலாகப் போராடியது. இடையறாத பூச்சும் உறுப்பு மாற்றமுமே அதனை அத்தனை காலம் நிற்கச் செய்தன. அரிமானம் முற்றிய நிலையில் 2022 திசம்பரில் அதன்மேல் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1948இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிமானத் தடுப்பை தன் முதன்மை ஆய்வுத்துறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

கண்ணுக்குத் தெரியும் துருவைவிடக் கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் வளரும் துருவே கொடியது. அதனைக் காண ஒரே வழி, உறுப்பைக் கழற்றிப் பார்ப்பதே. ஆண்டுக்கு ஒருமுறை சில மணிநேரம் செலவிட்டுச் செய்யும் இப்பணி இரும்பைக் காக்கிறது. இரும்பை நம்பிச் சாலையில் செல்வோரையும் காக்கிறது.